மலேசியாவில் ஒரு பணக்கார அப்பா



“டீச்சர், நீங்கள்கூட நாடகம் பார்ப்பீர்களா?” என்று என்னிடம் கேட்பவர்கள் பலர். பார்க்கிறேன். ஒளித்து வைக்க இதில் என்ன இருக்கிறது? தோட்டப் பள்ளி ஆசிரியை பகலில் திருக்குறளும் வாய்பாடும் சொல்லிக் கொடுக்கலாம், இரவில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் மட்டும் உட்காரக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லையே!

நம் தோட்டத்துப் பெண்களை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் எழுந்து சோறாக்கி, பிள்ளைகளைப் பள்ளிக்குத் தயார் செய்து, பெரட்டுக்கு ஓடி, செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கி, உரம் போட்டு, வெயிலில் காய்ந்து வீடு திரும்புகிறார்கள். வந்ததும் துணி, அடுப்பு, மாமியாரின் மருந்து, பிள்ளையின் வீட்டுப்பாடம். இவ்வளவுக்கும் பிறகு, யாரும் வேலை ஏவாத அரை மணி நேரம் ஒன்று கிடைக்குமானால் அது இந்த நாடக நேரம்தான். அந்த அரை மணியைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது.

ஆனால் ஒன்று. கடையில் வாங்கும் அரிசியைக் கூட உள்ளங்கையில் அள்ளிப் பார்த்துத்தானே வாங்குகிறோம்? நாள்தோறும் வீட்டுக்குள் வந்து நம் பிள்ளைகள் நடுவே உட்காருகிற நாடகத்தையும் அப்படி ஒருமுறை அள்ளிப் பார்ப்பது நல்லதல்லவா? அந்த எண்ணத்தோடுதான் இதை எழுதுகிறேன். எனக்குப் பிடித்த நாடகங்கள் ஒரே ஆண்டில் ஒன்றாகச் சேர்ந்து வந்தது 2023-ஆம் ஆண்டில்தான். அவற்றுள் மூன்றைப் பற்றிச் சொல்கிறேன். மூன்றாவது நாடகத்தில் நாமும் வருகிறோம். எப்படி என்று கேட்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள்.

அதற்கு முன், இந்தப் பெட்டி நம் வீட்டுக்கு வந்த கதையைக் கொஞ்சம் நினைத்துக் கொள்வோம். நம் நாட்டில் தொலைக்காட்சி தொடங்கியது 1963 டிசம்பர் 28-ஆம் நாள். வண்ணத்தில் பார்க்க 1978 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதும் பல தோட்டங்களில் மின்சாரம் என்பது சில மணி நேரம் ஓடும் ஜெனரேட்டர்தான். என் சிறு வயதில், வாரத்துக்கு ஒரு தமிழ்ப் படம் என்றால் லயமே ஒரு வீட்டு வாசலில் கூடிவிடும். பெட்டி வைத்திருக்கும் வீட்டுக்காரருக்கு அன்று கல்யாண வீட்டுக்காரரின் மரியாதை. பிறகு வீடியோ வந்தது. 1996-இல் ஆஸ்ட்ரோ வந்தது. கூரையில் தட்டு ஏறியதும் தமிழகத்து நாடகங்கள் நாள்தோறும் நம் கூடத்தில் இறங்கின. 1999-இல் தொடங்கிய ‘சித்தி’யும், அடுத்து வந்த ‘மெட்டி ஒலி’யும், 2003 முதல் 2009 வரை ஓடிய ‘கோலங்க’ளும் உங்களுக்கு நினைவிருக்கும். கோலங்கள் அபிக்காக அழாத தோட்டம் உண்டா?

சரி, 2023-க்கு வருவோம். முதலாவது ‘எதிர்நீச்சல்’. கோலங்கள் நாடகத்தை இயக்கிய அதே திருச்செல்வம் இயக்கியது. சன் தொலைக்காட்சியில் 2022 பிப்ரவரியில் தொடங்கி 2024 ஜூனில் முடிந்தது. மதுரைப் பக்கத்துப் பெரிய வீடு. நான்கு அண்ணன் தம்பிகள். மூத்தவர் ஆதி குணசேகரன் சொல்வதுதான் அந்த வீட்டில் சட்டம். தம்பிகளுக்குப் படித்த பெண்களாகத் தேடிப் பிடித்துக் கட்டி வைப்பார். ஆனால் ஒருத்தியும் படி தாண்டி வேலைக்குப் போகக் கூடாது. படிப்பு வீட்டுக்குப் பெருமை, அந்தப் படிப்பால் பெண் பிழைத்தால் வீட்டுக்கு அவமானம்! இதுதான் அந்த மனிதரின் கணக்கு.

குணசேகரனாக நடித்த மாரிமுத்துவை மறக்க முடியுமா? அவர் திரைப்பட இயக்குநராகவும் இருந்தவர். “ஏய், இந்தாம்மா” என்று அவர் அதட்டுவதைக் கேட்டு நம் பெண்கள் பல்லைக் கடித்தார்கள், மறுநாள் வேலைக்காட்டில் அதைப் போலவே பேசிக் காட்டிச் சிரிக்கவும் செய்தார்கள். 2023 செப்டம்பர் 8-ஆம் நாள், இதே நாடகத்துக்குக் குரல் கொடுத்துக் கொண்டிருந்தபோது மாரடைப்பு வந்து அவர் காலமானார். அன்று எங்கள் தோட்டத்தில் ஒரு வயதான அம்மா, “நேத்துக்கூட அந்த ஆளைத் திட்டினேனே டீச்சர்” என்று கண்ணைத் துடைத்துக் கொண்டார். வில்லனாக வந்த ஒருவருக்கு அதைவிடப் பெரிய பரிசு வேண்டுமா? அந்தப் பாத்திரத்தைப் பின்னர் எழுத்தாளர் வேல ராமமூர்த்தி ஏற்று நடித்தார்.

எனக்கு இந்த நாடகம் பிடித்ததற்குக் காரணம் குணசேகரன் அல்ல. ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி என்ற நான்கு மருமகள்களும் அடுக்களையில் கூடி நின்று பேசும் இடங்கள்தான். நாடகம் என்றாலே ஓரகத்திகள் ஒருத்திக்கு ஒருத்தி குழி பறிக்க வேண்டும் என்று ஒரு வழக்கம் இருந்தது. இதில் அவர்கள் ஒருவரையொருவர் தாங்கிக் கொண்டார்கள். ஒருத்தி சமையலைத் தொழிலாக்கப் பார்த்தாள், ஒருத்தி தான் கற்ற நடனத்தைத் தூசு தட்டி எடுத்தாள். கதையைப் பின்னாளில் ரப்பர் போல இழுத்தார்கள், உண்மைதான். ரப்பரை இழுத்தால் எவ்வளவு தூரம் வரும் என்று நமக்குத் தெரியாததா! ஆனாலும் அந்த அடுக்களைப் பேச்சுக்காக நான் பொறுத்துக் கொண்டேன்.

இரண்டாவது ‘பாக்கியலட்சுமி’. விஜய் தொலைக்காட்சியில் 2020-இல் தொடங்கியது. இது வங்காள மொழியில் வந்த ‘ஸ்ரீமொயி’ என்ற தொடரைத் தழுவியது. அதே கதை இந்தியில் ‘அனுபமா’ ஆயிற்று. கல்கத்தாவிலும் பம்பாயிலும் சென்னையிலும், நம் தோட்டத்து வீட்டிலும் பெண்கள் ஒரே கதைக்குக் கண்ணீர் விட்டிருக்கிறார்கள் என்றால், அந்தக் கதையில் எங்கோ ஓர் உண்மை இருக்கத்தானே வேண்டும்? அதிகம் படிக்காத குடும்பத் தலைவி பாக்கியா. கணவன் அவளை மட்டமாக நினைத்து, பழைய காதலியை மணக்கப் போகிறான். அழுது முடித்த பாக்கியா சமையலைத் தொழிலாக எடுக்கிறாள். நாலு பேர் நடுவே நின்று பேச வேண்டுமே என்று ஆங்கிலமும் கற்றுக் கொள்கிறாள்.

அந்த நாட்களில் எங்கள் பள்ளியில் பெற்றோர் கூட்டம் ஒன்று நடந்தது. வழக்கமாகப் பின்வரிசையில் உட்கார்ந்து, தேர்ச்சி அறிக்கையில் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும் ஒரு தாய், அன்று அறிக்கையைத் திருப்பி என்னிடம் நீட்டி, “இதுல என்ன எழுதியிருக்குன்னு ஒவ்வொண்ணாச் சொல்லுங்க டீச்சர்” என்றார். நாடகம்தான் அவரை அப்படிக் கேட்க வைத்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் நாடகத்துக்கு அந்தச் சக்தி உண்டு என்பது உலகம் பார்த்த செய்தி. 1975-இல் மெக்சிகோ நாட்டில் மிகேல் சபிதோ என்பவர், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் வகுப்புக்குப் போய்க் கற்பதாக ஒரு தொடர் நாடகம் எடுத்தார். அது ஓடிய காலத்தில் முதியோர் கல்வி வகுப்புகளில் சேர்ந்தவர் தொகை பல மடங்கு பெருகியது. அதைப் பார்த்துத்தான் இந்தியாவில் 1984-இல் தூர்தர்ஷன் ‘ஹம் லோக்’ என்ற தொடரைத் தொடங்கியது. நாடகம் வெறும் பொழுதுபோக்கு என்று சொல்கிறவர்களிடம் இந்த மெக்சிகோ கதையை நீங்கள் எடுத்துச் சொல்லலாம்.

இனி மூன்றாவது. நான் சொன்னேனே, நாமும் வருகிறோம் என்று, அந்த நாடகம்.

‘சிறகடிக்க ஆசை’ விஜய் தொலைக்காட்சியில் 2023 ஜனவரியில் தொடங்கியது. பூக்கட்டி விற்கும் மீனா, கார் ஓட்டும் முத்து. இவர்கள் இருவரும் கணவன் மனைவி. மீனாவுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை முத்துவின் அண்ணன் மனோஜ். அவன் அப்பாவின் பணத்தை எடுத்துக் கொண்டு ஓடிவிட, முத்து தாலி கட்ட வேண்டியதாயிற்று. மாமியார் விஜயாவுக்குப் பூக்காரி மருமகள் என்றால் இளப்பம். படித்த மூத்த மகன் என்றால் உயிர். கூலி வேலை செய்யும் குடும்பங்களுக்கு இது புரியாமல் இருக்குமா? உழைக்கிறவனுக்கு வீட்டில் கடைசித் தட்டு, சட்டை மடிப்புக் கலையாதவனுக்கு முதல் தட்டு. நம்மிலும் அப்படிப்பட்ட வீடுகள் இல்லையா என்ன?

பிறகு மனோஜை மணக்க ரோகிணி வருகிறாள். அழகு நிலையம் நடத்துகிறவள். தன் ஏழ்மையையும் பழைய வாழ்க்கையையும் மறைக்க அவள் சொல்லும் பெரிய பொய் என்ன தெரியுமா? “என் அப்பா மலேசியாவில் பெரிய பணக்காரர்!” அவ்வளவுதான். விஜயா மயங்கிவிட்டாள். விசாரிப்பு இல்லை, கேள்வி இல்லை. மலேசியா என்ற ஒரு சொல் போதுமாயிருந்தது. போதாக்குறைக்கு, இறைச்சிக் கடைக்காரர் ஒருவரை மலேசியா மாமாவாக வேடம் போட வைத்து வீட்டுக்கே அழைத்து வருகிறார்கள்!

இந்தக் காட்சியை நான் பார்த்தது பினாங்கில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில். என் அக்கா அங்கே ஒரு கடைவீட்டின் மாடியில் குடியிருக்கிறார். பள்ளி விடுமுறை விட்டால் பட்டர்வொர்த்தில் படகேறி அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன். பினாங்குக்கு வந்தவர்களுக்கு அந்தச் சாலை தெரிந்திருக்கும். முன்பு பிட் ஸ்திரீட் என்று பெயர். 1801-இல் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் பெயரை இப்போது தாங்கி நிற்கிறது. பள்ளிவாசலை எழுப்பிய காதர் மொகிதீன், இந்திய முஸ்லிம்களின் தலைவராகப் பிரிட்டிஷார் ஏற்றுக் கொண்ட கப்பித்தான். அதே சாலையில் சீனர்களின் குவான் யின் கோயில், பக்கத்தில் 1818-இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், ஒரு தெரு தள்ளி 1833-இலிருந்து இருக்கும் மாரியம்மன் கோயில். நகைக்கடைகள், காசு மாற்றும் கடைகள் என்று நம் ஆட்களின் நடமாட்டம் குறையாத இடம். 2008-இல் ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரிய நகரமாயிற்று.

அன்று மாலை பக்கத்து வீட்டு மாமி வந்திருந்தார். இராமநாதபுரம் பக்கத்துத் தமிழ் முஸ்லிம் குடும்பம். இந்த நாடகத்தை ஒரு நாள் விடாதவர். பள்ளிவாசலில் பாங்கு கேட்டதும் அக்கா பெட்டியின் சத்தத்தை அடைத்தார். மாமி போய்த் தொழுதுவிட்டு வந்த பிறகுதான் அக்கா பதிவு செய்து வைத்திருந்ததைத் தொடர்ந்து போட்டார். “எங்கப்பா மலேசியாவில்...” என்று ரோகிணி அளந்ததும் நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டோம். பிறகு வந்ததே ஒரு சிரிப்பு! கீழே கடைக்காரர் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்.

சிரித்து முடித்ததும் மாமி சொன்னார்: “சிரிக்கிறோம் டீச்சர். ஆனா எங்க அத்தா கதையும் இதேதான். இந்தத் தெருவுல காசு மாத்துற கடையில கணக்கெழுதினாங்க. கடையிலயே படுக்கை. வருசக்கணக்கா சேர்த்து ஊருக்குப் போவாங்க. போனா, ‘மலாயாக்காரர் வந்துட்டார்’னு ஊரே வாசல்ல நிக்கும். கையில இருக்கிறதைக் குடுத்துட்டு, திரும்பி வர்றதுக்குக் கடன் வாங்குவாங்க.”

அக்கா பேசாமல் என்னைப் பார்த்தார். எங்கள் தாத்தாவின் நினைவு இருவருக்குமே வந்துவிட்டது.

தாத்தா மலாயாவுக்கு வந்தது 1937-இல். அடுத்த ஆண்டு, 1938-இல், தோட்டங்களுக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசாங்கம் நிறுத்திவிட்டது. அந்தக் காலத்துக் கூலி என்ன? 1920-களின் கடைசியில் முக்கியத் தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று வைத்திருந்தார்கள். 1930-க்குப் பிறகு ரப்பர் விலை விழுந்ததும் அதிலும் கை வைத்தார்கள். அந்தக் காசில் சாப்பிட்டு, மிச்சம் பிடித்து, ஊருக்கு மணியார்டரும் அனுப்பினார் தாத்தா. 1955-இல் ஒரே ஒரு முறை ரஜூலா கப்பலேறி ஊருக்குப் போனார். இரும்புப் பெட்டியில் கோடாலித் தைலம், பவுடர் டப்பா, கைலி, குடை. யாருக்கு என்ன என்று பாட்டி மூன்று மாதம் கணக்குப் போட்டு வாங்கியவை. ஊரில் அவர் கட்டியிருந்த கைக்கடிகாரத்தைப் பார்த்தவர்கள், அவர் காலில் இருந்த வெடிப்பைப் பார்க்கவில்லை. “உனக்கென்னப்பா, மலாயாவில் காசு மரத்தில் காய்க்கிறது” என்றார்களாம். மரத்தில்தான் காய்த்தது. விடியுமுன் எழுந்து, விளக்கைத் தலையில் கட்டிக் கொண்டு, மரம் மரமாய்ப் போய்ச் சீவி எடுக்க வேண்டியிருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அனுப்பிய காசின் மதிப்புக் குறைந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

ஆகவே ரோகிணியின் பொய்யை எழுதியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தப் பொய்க்கு நூறு வயது. கடல் தாண்டிப் போன எல்லாத் தமிழர்களைப் பற்றியும் ஊர் நம்பிய பொய் அது. அதை விளைவித்ததில் நம் தாத்தாக்களின் மௌனத்துக்கும் பங்கு உண்டு. மலேசியா என்ற சொல்லைக் கேட்டதும் வாயைப் பிளக்கும் விஜயாவைக் காட்டி, அந்த நாடகம் உண்மையில் விஜயாவின் பேராசையைத்தான் கேலி செய்கிறது. அந்த வகையில் அது நல்ல நாடகம். உழைக்கிற மீனாவும் முத்துவும் தலை நிமிர்ந்து நிற்க, பொய் சொன்னவள் ஒவ்வொரு நாளும் பயந்து சாவதைக் காட்டுகிற நாடகம்.

என் கவலை வேறு. அதை ஒரு வகுப்பறைக் கதையாகச் சொன்னால் உங்களுக்குப் புரியும்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ‘எங்கள் வீடு’ என்று கட்டுரை எழுதக் கொடுத்தேன். ஒரு சிறுமி, நன்றாக எழுதுகிறவள், இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். பெரிய கூடம், நடுவில் ஊஞ்சல், மாடிப்படி, இடுப்பில் சாவிக்கொத்துச் செருகிய பாட்டி, தொழில் செய்யும் அப்பா. எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர். அம்மா உதிரிப் பழம் பொறுக்குகிறவர். பாட்டியின் இடுப்பில் சாவிக்கொத்து இல்லை, வெற்றிலைப் பைதான் இருக்கிறது. நான் அவளை அருகில் அழைத்து, “உங்கள் வீட்டைப் பற்றி எழுதச் சொன்னேனே கண்ணு?” என்றேன். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “எங்க வீடு கதையில வராது டீச்சர்.”

வாசகர்களே, இந்தச் சொல்லைக் கேட்டபின் எனக்கு இரண்டு நாள் பாடம் நடத்தவே ஓடவில்லை. அந்தப் பிள்ளை பொய் எழுத வேண்டும் என்று எழுதவில்லை. அவள் பிறந்த நாள் முதல் பெட்டியில் பார்த்த தமிழ்க் குடும்பம் எல்லாம் சென்னையிலோ மதுரையிலோ இருக்கிறது. தமிழ் பேசுகிற மண்டோர் அதில் இல்லை. பெரட்டுக் களம் இல்லை. தோட்டத்து மாரியம்மன் கோயில் இல்லை. சம்பளத் துண்டைக் கையில் வைத்துக் கொண்டு கடைக்கணக்குப் பார்க்கும் அம்மா இல்லை. நாம் வருகிறோம் என்றால், இல்லாத ஒரு பணக்கார அப்பாவாகத்தான் வருகிறோம். அந்த அப்பாவும் பொய்! பிறகு பிள்ளை என்ன நினைக்கும்? கதையில் வரத் தகுதி உள்ள வாழ்க்கை வேறு எங்கோ இருக்கிறது, நம்முடையது அதற்குக் கீழே என்றுதானே நினைக்கும்?

அப்படி இல்லை என்று காட்டியவர்கள் நம்மிடையே உண்டு. 2005-இல் தீபக் குமாரன் மேனன் ‘செம்மண் சாலை’ என்று ஒரு படம் எடுத்தார். 1960-களின் ரப்பர் தோட்டத்துக் குடும்பம் ஒன்றின் கதை. மேலே படிக்க ஆசைப்படும் பெண் அதன் நாயகி. 2015-இல் சஞ்சய் குமார் பெருமாள் ‘ஜகாட்’ எடுத்தார். தோட்டத்தை விட்டு வெளியேறிப் புறம்போக்குக் குடியிருப்பில் ஒதுங்கிய நம் குடும்பங்களின் கதை. 1990-களின் தொடக்கத்தில் நடக்கிறது. அப்போய் என்ற பன்னிரண்டு வயதுப் பையன், படி படி என்று அடிக்கும் அப்பாவுக்கும், கத்தி எடுத்த சித்தப்பாவுக்கும் நடுவே எந்தப் பக்கம் சாய்கிறான் என்பதுதான் கதை. ஓர் ஆசிரியையாக அதைப் பார்த்து நான் பட்ட வேதனை கொஞ்சமல்ல. 2016-ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் ‘சிறந்த மலேசியத் திரைப்படம்’ என்ற விருதை அது பெற்றது. நம் புறம்போக்கு வீட்டுக் கதையை நாடே எழுந்து நின்று மதித்தது!

இவை திரைப்படங்கள். நாடகம் நாள்தோறும் வருவது. ஆர்.டி.எம்.மிலும் ஆஸ்ட்ரோ விண்மீனிலும் உள்ளூர்க் கலைஞர்கள் நடித்த தொடர்களும் தொலைப்படங்களும் வருகின்றன. “உள்ளூர் நாடகமா? நடிப்பு சரியில்லை, செலவு செய்யவில்லை” என்று உதட்டைப் பிதுக்கி அலைவரிசையை மாற்றிவிடுகிறோம். சென்னை நாடகம் மட்டும் முதல் நாளே இப்படி வந்ததா? பார்க்க ஆள் இருந்ததால் வளர்ந்தது.

மறுபடியும் பினாங்கைப் பாருங்கள். 1870-களில் இந்தியாவிலிருந்து பார்சி நாடகக் குழுக்கள் பினாங்குக்கு வந்து இந்துஸ்தானியில் ஆடின. மொழி புரியாமலே மக்கள் கூட்டம் கூட்டமாய்ப் பார்த்தார்கள். பார்த்ததோடு விடவில்லை. 1880-களில் மாமாக் புஷி என்பவர் பினாங்கிலேயே ஒரு குழு அமைத்து, அந்த ஆட்டத்தை மலாய் மொழியில் நடத்தினார். அதுதான் பங்சவான். இந்தியக் கதை, அரபுக் கதை, சீனக் கதை, மலாய் அரசர் கதை எல்லாம் அதில் மேடை ஏறின. வெளியிலிருந்து வந்த நாடகத்தை வாயைப் பிளந்து பார்த்துக் கொண்டே இருக்காமல், “இதை நாமும் செய்வோம், நம் பாஷையில் செய்வோம்” என்று அந்த ஊர் மக்கள் எழுந்தார்கள். தொலைக்காட்சி வருவதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே நடந்த காரியம் இது. நம்மால் ஏன் ஆகாது?

தமிழக நாடகத்தைப் பார்க்காதீர்கள் என்று நான் சொல்லவே இல்லை. நானே பார்க்கிறவள்! மீனாவுக்காக நானும் கலங்கியிருக்கிறேன். ஆனால் நாடகம் முடிந்து பெட்டியை அணைத்த பிறகு ஐந்து நிமிடம் பிள்ளையோடு பேசுங்கள். “நம் வீடாக இருந்தால் இந்த இடத்தில் என்ன நடந்திருக்கும்?” என்று கேளுங்கள். பாட்டி உயிரோடு இருக்கும்போதே, அவர் முதல் சம்பளம் எவ்வளவு, முதல் பிள்ளையை ஏணையில் போட்டுவிட்டு எந்த மரத்துக்குப் பால் வெட்டப் போனார் என்று கேட்டு வையுங்கள். தாத்தாக்கள் சொல்லாமல் போனதைப் பாட்டிகளாவது சொல்லட்டும். உள்ளூர் நாடகம் ஒன்று வந்தால், முதல் நாளே குறை சொல்லாமல் நாலு நாள் உட்கார்ந்து பாருங்கள். பிடித்தால் நிலையத்துக்கு எழுதிச் சொல்லுங்கள். பிடிக்காவிட்டாலும் எழுதுங்கள். நம் தோட்டத்தை அவர்கள் தவறாகக் காட்டினால் அதைத் திருத்த நம்மைவிடத் தகுந்தவர் யார்?

எங்கள் பள்ளியில் நாங்கள் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஆண்டு கடைசியில் பள்ளி விழாவுக்குப் பத்து நிமிட நாடகம் ஒன்று போட்டோம். கதையைப் பிள்ளைகளே சொன்னார்கள், நான் எழுதி மட்டும் கொடுத்தேன். விடியற்காலை ஒரு தோட்டத்து வீடு, அவ்வளவுதான் கதை. அம்மா எழுந்து அடுப்பைப் பற்ற வைக்கிறாள். அப்பாவின் காலுறையில் ஒன்று காணவில்லை. தம்பி எழுந்திருக்க மாட்டேன் என்கிறான். பாட்டி வெற்றிலைப் பையைத் தேடுகிறாள். மண்டோரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கிறது. அம்மா பிள்ளைகளின் தலையை அவசரமாக வாரிவிட்டு, தான் ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் ஓடுகிறாள். மகள், அம்மாவின் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தூக்கிக் கொண்டு பின்னாலேயே ஓடிப் போய்க் கொடுக்கிறாள்.

அம்மாவாக நடித்தது அந்தச் சிறுமிதான். தன் அம்மாவின் பழைய நீளக்கைச் சட்டையையும் தொப்பியையும் போட்டுக் கொண்டு வந்திருந்தாள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தாய்மார்கள் தொடக்கத்தில் சிரித்தார்கள். காலுறைக்குச் சிரித்தார்கள், மோட்டார் சைக்கிளுக்குக் கைதட்டினார்கள். அந்த அம்மா சாப்பிடாமல் ஓடும் இடத்தில் மண்டபம் அமைதியாகிவிட்டது.

விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கிக் கொண்டிருந்தபோது அவளுடைய தாய் என்னிடம் வந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், வரவில்லை. கடைசியில், “நான் சாப்பிடாமப் போறதை இவ பார்த்துக்கிட்டா டீச்சர் இருந்திருக்கா?” என்று மட்டும் கேட்டார்.

ஆமாம் அம்மா, பார்த்துக் கொண்டுதான் இருந்திருக்கிறாள். எங்கள் வீடு கதையில் வராது என்று எழுதிய பிள்ளைதான் அவள்.